பத்து நாள் அறுவை முகாமும் பதினோராம் நாளும்

கேள்வி:

"எம்.எஸ். முடித்து இரண்டு வருடம் ஆகிறது. தென்காசிப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். ஒரு தொண்டுக் குழு என்னை ஜனவரியில் பத்து நாள் சியரா லியோனுக்குக் கூப்பிடுகிறது. நாட்டின் வடக்கே ஒரு சிறிய ஊர் மருத்துவமனை. குடலிறக்கம், விரைவீக்கம் (விதைப்பையில் நீர் கோத்து வீங்குவது), கழுத்துக் கழலை (தைராய்டு வீக்கம்) என்று எண்பது ஆபரேஷனாவது முடித்துவிட வேண்டும் என்பது திட்டம். 'இங்கே பத்து வருடத்தில் வராத கை அங்கே பத்து நாளில் வந்துவிடும்' என்கிறார்கள். தைராய்டு நான் தனியாகச் செய்ததில்லை. அங்கே செய்யலாம், பயப்பட வேண்டாம் என்கிறார்கள். தேதி முடிந்த தையல் நூல், மெஷ் (குடலிறக்கத்தில் வைத்துத் தைக்கும் வலை) எல்லாம் கேட்டு வாங்கி எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். என் கணவர், 'நம்ம ஊர்ல ஏழைங்களே இல்லையா?' என்று கேட்கிறார். நான் போகலாமா சார்? போனால் அந்த மக்களுக்கு உண்மையிலேயே நல்லது நடக்குமா?"

(பெயர் வெளியிட விரும்பாத அறுவை மருத்துவர்)

பதில்:

அன்புள்ள டாக்டர்,

போகலாம். ஆனால் உங்களிடம் இப்போது சொல்லியிருக்கும் திட்டத்தோடு போகாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் எத்தனை ஆபரேஷன், என்னென்ன ஆபரேஷன், எதையெல்லாம் எடுத்து வர வேண்டும் என்று எல்லாம் இருக்கிறது. அந்த மருத்துவமனையில் இப்போது கத்தி பிடிப்பவர் யார் என்று மட்டும் ஒரு வரி இல்லை. அது உங்கள் தவறில்லை. உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் விமானம் ஏறிய மறுநாள், அதாவது பதினோராம் நாள் காலையில், வார்டில் ரவுண்ட்ஸ் போகப்போவது யார்? குழுத் தலைவரிடம் இதைத்தான் முதலில் கேளுங்கள்.

குடலிறக்கம் சின்ன ஆபரேஷன் என்று நாமெல்லாம் சொல்லிக்கொள்கிறோம். கையுறையைக் கழற்றும் நேரத்தில் அது சின்னதுதான். ஸ்பைனல் (முதுகில் போடும் மரப்பு ஊசி) போட்டவருக்கு அன்று ராத்திரியே சிறுநீர் பிரியாமல் வயிறு கல்லாகும். கத்தீட்டர் போட ஆள் வேண்டும். இரண்டாம், மூன்றாம் நாளில் விதைப்பையில் ரத்தம் கட்டி வீங்கும். ஒரு வாரத்தில் தையல் வாயில் சீழ் வைக்கும். மெஷ்ஷில் தொற்று என்றால் மாதக்கணக்கில் கழித்துக்கூடத் தலைகாட்டும். குடல் மறுபடி இறங்கியிருக்கிறதா என்பது ஒரு வருடம் போனால்தான் தெரியும். முதல் நாள் செய்த கேஸில் வந்த சீழை நீங்கள் பார்த்துவிடுவீர்கள். எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் செய்தவற்றை வேறு யாரோதான் பார்த்தாக வேண்டும். அவருக்கு உங்கள் குழு வருவது தெரியுமா? வரச்சொல்லிக் கேட்டதே அவர்தானா? எண்பது பேரின் பின்விளைவுகளைச் சமாளிக்க அவரிடம் மருந்தும் படுக்கையும் இருக்கிறதா?

மேற்கு ஆப்பிரிக்காவில் நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனைக்கு, விதைப்பை முழுக்கச் சீழோடு ஒரு நெல் விவசாயி வந்தார். சில வாரங்களுக்கு முன் வெளிநாட்டுக் குழு ஒன்று வேறொரு ஊரில் அவருக்கு ஆபரேஷன் செய்திருந்தது. கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. மெஷ் வைத்தார்களா, வெறும் தையலா, விரைவீக்கத்தையும் சேர்த்துத் திறந்தார்களா, ஒன்றும் தெரியவில்லை. திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். கடைசியில் ஒரு பக்கத்து விதையை எடுக்க வேண்டியதாயிற்று. அவருக்கு முதலில் ஆபரேஷன் செய்தவர் கெட்ட மனிதராக இருந்திருக்க மாட்டார். விடுமுறை போட்டு, சொந்தக் காசில் வந்தவராகத்தான் இருப்பார். அவருடைய கணக்கில் இந்த விவசாயி இன்றைக்கும் நல்லபடியாக முடிந்த கேஸ். நடந்தது அவர் காதுக்குப் போக ஒரு வழியே இல்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை.

இதனால் அங்கே தேவை இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். சியரா லியோனில் வீடு வீடாகப் போய் எடுத்த ஒரு கணக்கெடுப்பு 2012-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கேட்கப்பட்டவர்களில் நான்கில் ஒருவருக்கு, அறுவை மருத்துவர் பார்க்க வேண்டிய ஏதோ ஒன்று உடம்பில் இருந்தது. இது எபோலாவுக்கு முந்தைய கணக்கு. பதினோரு வருட உள்நாட்டுப் போர் 2002-ல்தான் முடிந்திருந்தது. 2014-ல் எபோலா வந்து, அது அடங்குவதற்குள் நாலாயிரம் பேர் அளவுக்கு அந்த நாட்டில் மட்டும் இறந்தார்கள். அதில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் நர்சுகள், மருத்துவர்கள், லேப் ஊழியர்கள். ஏற்கெனவே விரல்விட்டு எண்ணும்படி இருந்த மருத்துவர்கள் இன்னும் குறைந்துபோனார்கள். உலகக் கணக்கும் இதே கதைதான். லான்செட் அமைத்த உலக அறுவை சிகிச்சை ஆணையம் 2015-ல் சொன்னது: ஆண்டுக்குச் செய்யப்படும் 31 கோடிக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களில், உலக மக்களில் மூன்றில் ஒரு பங்கு வாழும் ஏழை நாடுகளுக்குக் கிடைப்பது வெறும் 6 சதவீதம். சரியான வசதியோடு, கட்டுப்படியாகும் செலவில், நேரத்துக்கு ஆபரேஷன் கிடைக்காதவர்கள் 500 கோடிப் பேர். ஆண்டுதோறும் இன்னும் 14 கோடிக்கு மேல் ஆபரேஷன்கள் தேவை. இந்தப் பள்ளத்தைப் பத்து நாள் முகாம்கள் எத்தனை போட்டாலும் தூர்க்க முடியாது. அங்கேயே இருந்து வருடம் முழுக்க ஆபரேஷன் செய்கிற கைகள்தான் தூர்க்கும்.

அந்தக் கைகள் அங்கே உருவாகிக்கொண்டிருக்கின்றன. உங்களைக் கூப்பிட்டவர்கள் இதைச் சொன்னார்களா என்று தெரியவில்லை. டோன்கோலிலி மாவட்டத்தில் மசாங்கா என்ற ஊர் மருத்துவமனையை மையமாக வைத்து, கேப்பாகேர் என்ற நார்வே நாட்டுத் தொண்டு நிறுவனம் 2011 முதல் ஒரு பயிற்சி நடத்துகிறது. எம்.பி.பி.எஸ். படிக்காத, ஆனால் கிராமத்தில் நோயாளி பார்த்துப் பழகிய சமூக சுகாதார அலுவலர்களை (கம்யூனிட்டி ஹெல்த் ஆபீசர், சுருக்கமாக சி.எச்.ஓ.) எடுத்து, மூன்று வருடம் அறுவைப் பயிற்சி கொடுக்கிறார்கள். சிசேரியன், குடல் முறுக்கு, குடலிறக்கம், எலும்பு முறிவு என்று ஒரு மாவட்ட மருத்துவமனையில் ராத்திரி வந்து நிற்கிற எல்லாவற்றுக்கும் கை தயாராகிறது. பயிற்சி முடிந்ததும் நாட்டின் பல மாவட்டங்களுக்கும் போய்விடுகிறார்கள். அங்கே எல்லோரும் இவர்களைச் சி.எச்.ஓ. என்றே கூப்பிடுகிறார்கள்.

"டாக்டர் இல்லாதவர் ஆபரேஷன் செய்வதா" என்று உங்களுக்கு உடனே தோன்றும். எனக்கும் தோன்றியது. வடக்கே காமாக்வீ என்ற ஊர் மருத்துவமனையில் இதையே சோதனையாக வைத்துப் பார்த்தார்கள். 230 பேர் அளவில் குடலிறக்க நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு மருத்துவர்களும் பாதிப் பேருக்கு இந்தப் பயிற்சி பெற்றவர்களும் மெஷ் வைத்து ஆபரேஷன் செய்தார்கள். ஒரு வருடம் கழித்துக் கூப்பிட்டுப் பார்த்தபோது, மருத்துவர்களிடம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 6.9 சதவீதத்தினருக்குக் குடல் திரும்ப இறங்கியிருந்தது. சி.எச்.ஓ.க்களிடம் செய்துகொண்டவர்களில் 0.9 சதவீதம். 2021-ல் வெளியான முடிவு இது. நீங்கள் போகப்போகிற ஊரில் இப்படிப் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தால், குடலிறக்கத்தில் உங்களைவிட அவர் கை தேர்ந்தவராக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படி ஒருவரை ஓரமாக நிற்க வைத்துவிட்டு நாம் பத்து நாள் மேசையைப் பிடித்துக்கொள்வதில் யாருக்கு லாபம்? அவருக்கு நஷ்டம் உண்டு. 'வெள்ளைக்காரர் வருவார், இந்தியாவிலிருந்து பெரிய டாக்டர் வருவார், இலவசமாகச் செய்வார்' என்று ஊரில் பேச்சு பரவினால், இரண்டு மாதத்துக்கு முன்பிருந்தே நோயாளிகள் அவரிடம் போவதை நிறுத்திக்கொண்டு காத்திருப்பார்கள். காத்திருப்பவர்களில் ஒருவருக்குக் குடல் சிக்கி அழுகினால் அவர் ஜனவரி வரை தாங்க மாட்டார்.

எண்பது என்ற எண்ணைப் பற்றி. இதில் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையைக் குறி வைத்து ஆபரேஷன் செய்தால் என்ன ஆகும் என்று நம் நாட்டைவிட அதிகம் பார்த்த நாடு இருக்காது. 2014 நவம்பர் 8 அன்று சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் பக்கம் ஒரு குடும்பக்கட்டுப்பாட்டு முகாமில், மூடிக்கிடந்த ஒரு கட்டடத்தில், ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குக் கருத்தடை செய்தார். பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். எல்லோரும் சின்ன வயதுத் தாய்மார்கள். 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த முகாம் முறையையே மூன்று வருடத்துக்குள் நிறுத்தச் சொன்னது. அங்கே நடந்ததையும் உங்கள் குழு செய்யப்போவதையும் ஒன்றாக வைத்துப் பேசுவது நியாயமில்லை, தெரியும். ஆனால் ஆட்டோகிளேவ் (கருவிகளை நீராவியில் வேக வைத்துக் கிருமி நீக்கும் மிஷின்) ஒன்றுதான், கருவி செட் நான்குதான் என்றிருக்கும்போது ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது கேஸ் என்று போட்டால், ஏழாவது கேஸுக்கு முன்னால் கருவியைச் சரியாக வேக வைக்க நேரம் இருக்காது. அப்போது தியேட்டர் நர்ஸ் சொல்வதைக் கேட்க யாருக்கும் பொறுமையும் இருக்காது. குழுத் தலைவரிடம் "எண்பது யார் சொன்ன கணக்கு?" என்று கேளுங்கள். அந்த மருத்துவமனையில் எத்தனை படுக்கை, எத்தனை செட், ராத்திரி எத்தனை நர்ஸ் என்று பார்த்து அங்கே இருப்பவர்கள் சொன்ன கணக்கு என்றால் நல்லது. நன்கொடையாளர்களுக்கு அனுப்பிய அறிக்கையிலிருந்து வந்த கணக்கு என்றால் அதைக் கேள்வி கேட்காமல் விடாதீர்கள்.

முகாம் என்ற சொல்லையே நான் வெறுப்பதாக நினைக்காதீர்கள். மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் பதினொரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை வளர்ந்ததே முகாம்களால்தான். ஆனால் அவர்கள் ஊர் ஊராகப் போய்ச் செய்வது கண் பரிசோதனை. புரை இருப்பவர்களை பஸ்ஸில் ஏற்றி மருத்துவமனைக்குக் கூட்டிவந்து, அங்கே ஆபரேஷன் செய்து, சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுபோய் விட்டு, பிறகு மறுபடியும் அந்த ஊருக்கே போய்க் கண்ணைப் பார்க்கிறார்கள். பள்ளிக்கூட பெஞ்சில் வைத்து ஆபரேஷன் செய்த காலத்திலிருந்து நம் ஊர்க் கண் மருத்துவம் இப்படித்தான் மேலே வந்தது. உங்கள் குழு இந்த மாதிரி யோசித்திருக்கிறதா?

தைராய்டு விஷயத்துக்கு வருகிறேன். செய்யாதீர்கள். கூட நிற்கிற சீனியர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் செய்யாதீர்கள். இங்கே தனியாகச் செய்யத் துணியாததை அங்கே போய்ச் செய்வதற்கு ஒரே காரணம், அங்கே கேட்பார் இல்லை என்பது. அந்தக் காரணத்தை நீங்கள் ஏற்றுக்கொள்ள மாட்டீர்கள் என்பதால்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கை தேர்ந்ததாகவே இருந்தாலும் எனக்கு இதே பதில்தான். முழுத் தைராய்டையும் எடுத்துவிட்டால் அந்தப் பெண் சாகும் வரை தினம் தைராக்ஸின் சாப்பிட வேண்டும். தென்காசியில் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும் மாத்திரை அது. காட்டோரக் கிராமத்தில் இருப்பவருக்கு அது மாதாமாதம் எங்கிருந்து வரும்? இரண்டாம் நாள் கால்சியம் இறங்கி விரல்கள் இழுத்துக்கொண்டால், ரத்தத்தில் அளவு பார்க்க லேப் இருக்கிறதா? நடுராத்திரி கழுத்தில் ரத்தம் கட்டி மூச்சு முட்டினால், படுக்கையிலேயே தையலைப் பிரித்துவிடத் தெரிந்த ஒருவர் அந்த வார்டில் விழித்திருப்பாரா? இங்கே சரியாக இருக்கிற ஒரு ஆபரேஷன் அங்கே அந்தப் பெண்ணைக் கொல்லலாம். மூச்சை அடைக்காத, விழுங்க முடிகிற கழலையோடு இருபது வருடம் வாழ்ந்தவர் இன்னும் இருபது வருடம் வாழ்வார்.

கைக்குழந்தைகளின் குடலிறக்கத்துக்கும் இதையே சொல்வேன். குழந்தைக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய ஆள் இல்லாத இடத்தில் தொடாதீர்கள். அங்கே பெரும்பாலான ஊர்களில் மயக்கம் கொடுப்பது அதற்கென்று பயிற்சி பெற்ற நர்சுகள். ஸ்பைனலும் கீட்டமைனும் அவர்களுக்கு அத்துபடி. மின்சாரம் போய், மானிட்டர் அணைந்த பிறகும் நாடியில் கை வைத்தபடியே அசராமல் நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர் "இந்தக் கேஸ் வேண்டாம்" என்றால் அதுதான் கடைசி வார்த்தை. உங்கள் குழுவில் இடம் ஒன்று காலியாக இருந்தால் இரண்டாவது அறுவை மருத்துவரைச் சேர்க்காதீர்கள். பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஒரு மயக்க மருத்துவரைச் சேர்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் ஆட்டோகிளேவும், மின்சாரத்தால் ரத்தக் கசிவை நிறுத்தும் டயாத்தெர்மியும் பழுதுபார்க்கத் தெரிந்த ஒரு டெக்னீஷியனையும். அவர் சரிசெய்துவிட்டு வருகிற ஒரு மிஷின், நாம் எல்லோரும் திரும்பிய பின்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

குடலிறக்கம், பெரியவர்களின் விரைவீக்கம் இரண்டையும் செய்யலாம். ஆனால் இங்கே பார்க்கிற அளவில் இருக்குமென்று எண்ணாதீர்கள். பத்து, பதினைந்து வருடம் தாங்கிக்கொண்டு, துணியால் கட்டிக்கொண்டு வயலில் வேலை செய்தவர்கள் வருவார்கள். குடல் பாதி விதைப்பையில் குடியிருக்கும். யானைக்கால் கிருமியால் வரும் விரைவீக்கமும் அங்கே நிறைய. நம் தஞ்சாவூர், கடலூர்ப் பக்கத்துப் பழைய சர்ஜன்களுக்கு அது நன்றாகத் தெரியும், ஒருவரைப் பிடித்துக் கூட நின்று பாருங்கள். பையைத் திருப்பித் தைப்பதோடு விடாமல், அதை வெட்டி எடுப்பதுதான் அவர்களுக்கு ஏற்றது. ரத்தக் கசிவை நிறுத்தாமல் தையல் போடாதீர்கள். இதில் அவசரப்பட்டால் மூன்றாம் நாள் தேங்காய் அளவு வீக்கத்தோடு அவர் உட்கார்ந்திருப்பார்.

மெஷ் பற்றிச் சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் தொண்டாய்ச்சா என்ற சிற்றூரில் அறுவை மருத்துவராக இருந்த டாக்டர் ரவீந்திரநாத் டோங்காவ்கர், கடையில் கிடைக்கும் கொசுவலைத் துணியை வெட்டி, கிருமி நீக்கி, ஏழை நோயாளிகளுக்கு மெஷ்ஷாக வைக்கத் தொடங்கினார். பலர் முகம் சுளித்தார்கள். பிறகு கிழக்கு உகாண்டாவில் 302 ஆண்களை வைத்து இதைக் குலுக்கல் முறையில் சோதித்து, 2016-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முடிவு வந்தது. கம்பெனி மெஷ்ஷும் கொசுவலையும் ஒரு வருடத்தில் ஒன்றுபோலத்தான் இருந்தன. கம்பெனி மெஷ் சுமார் 125 டாலர், கொசுவலைத் துண்டு ஒரு டாலர். மருந்து தடவிய வலையை எடுக்கக் கூடாது. சோதனையில் பயன்பட்ட வலையை 121 டிகிரியில்தான் வேக வைத்தார்கள், அதற்கு மேல் சூடு போனால் அந்த வகை பிளாஸ்டிக் தாங்காது. நம் நாட்டுச் சிற்றூர் சர்ஜன் ஒருவரிடமிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போன அறிவு இது. போனபின் அங்கேயே தங்கிவிட்டது. இதைப் போல் ஒன்றை நீங்கள் கொண்டுபோனால் எண்பது ஆபரேஷனைவிட மேல்.

அதனால்தான் தேதி முடிந்த நூலையும் மெஷ்ஷையும் சேகரிக்க வேண்டாம் என்கிறேன். நன்கொடையாகப் போகிற மருந்து, சேருகிற நாளில் இன்னும் ஒரு வருடமாவது ஆயுள் உள்ளதாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருக்கிறது. கரையும் தையல் நூல் ஈரக் காற்றில் வலுவிழக்கும். வயிற்றுச் சுவரை அதை நம்பித் தைத்து, ஐந்தாம் நாள் வாய் பிளந்தால் யார் பதில் சொல்வது? இங்கே உங்கள் அப்பாவுக்குப் போடத் தயங்குகிற நூலை அங்கே யாருடைய அப்பாவுக்கும் போடாதீர்கள். என்ன வேண்டும் என்று அந்த மருத்துவமனையின் தியேட்டர் பொறுப்பாளரிடம் கேட்டு, அவர் தருகிற பட்டியலை மட்டும் புதிதாக வாங்கிப் போங்கள். அனேகமாகப் பட்டியலில் முதலில் வருவது கையுறை, ஸ்பைனல் ஊசி, ஸ்பைனலில் போடும் மரப்பு மருந்தான கனமான பூப்பிவக்கேய்ன், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் என்று இருக்கும்.

உங்கள் கணவர் கேட்டது நியாயமான கேள்வி. அவரிடம் கோபப்படாதீர்கள். நம் ஊரிலும் ஏழைகள் இருக்கிறார்கள். அதற்காக வேறு நாட்டு ஏழைக்குச் செய்யக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், நோய்க்கு எல்லைக்கோடு கிடையாது. ஆனால் அவர் கேள்வியை நான் இப்படித் திருப்பிக்கொள்கிறேன்: வசதி குறைந்த இடத்தில் ஆபரேஷன் செய்ய நீங்கள் எங்கே கற்றுக்கொள்வீர்கள்? சியரா லியோன் நோயாளியிடம் கற்றுக்கொள்ளக் கூடாது. தருமபுரி மாவட்டம் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் 1993-ல் ஒரு குடிசையில் தொடங்கிய மருத்துவமனை இருக்கிறது. அந்த மலைப் பெண்களையே நர்சுகளாகப் பயிற்றுவித்தவர்கள் அவர்கள். கூடலூரில் ஆதிவாசி மக்களே நடத்தும் மருத்துவமனை இருக்கிறது. அங்கே அரிவாள் செல் ரத்தக் கோளாறு உள்ளவர்களைத் தினமும் பார்க்கலாம். அதே கோளாறு மேற்கு ஆப்பிரிக்காவில் பரவலாக உண்டு. ஆபரேஷனுக்கு முன்னால் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், நோயாளியைக் குளிரவும் வறளவும் விட்டால் ஆபத்து. இப்படிப்பட்ட இடம் ஒன்றில் அனுமதி கேட்டு ஒரு மாதம் இருந்துவிட்டு வாருங்கள். பிறகு சியரா லியோன் போவீர்களோ, சிட்டிலிங்கியிலேயே இருந்துவிடுவீர்களோ, அது உங்கள் இஷ்டம்.

போவதென்று முடிவானால் சில வேலைகள். சியரா லியோனின் மருத்துவ, பல் மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு வாங்காமல் ஒரு நோயாளியையும் தொடக் கூடாது. "எல்லாம் குழு பார்த்துக்கொள்ளும்" என்றால், உங்கள் பெயர் போட்ட தாளைக் கண்ணால் பார்க்கும்வரை நம்பாதீர்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், அது இல்லாமல் திரும்பினால் இங்கேயும் உங்களைத் தனிமைப்படுத்திவிடுவார்கள். மலேரியா மாத்திரையைத் திரும்பி வந்த பிறகும் சொன்ன நாள் வரை விடாமல் சாப்பிடுங்கள். ஹெபடைடிஸ் பி ஊசி போட்டிருந்தால் போதாது, எதிர்ப்புச் சக்தி எவ்வளவு இருக்கிறது என்று டைட்டர் பார்த்துக்கொள்ளுங்கள். ஊசி குத்திவிட்டால் உடனே தொடங்க எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை குழுவிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். எலியால் பரவும் லாஸா காய்ச்சல் பற்றி நன்றாகப் படியுங்கள். 2019 நவம்பரில், மசாங்காவில் வேலை பார்த்த நெதர்லாந்து மருத்துவர் ஒருவர், ஒரு ஆபரேஷனின்போது அது தொற்றி இறந்துபோனார். காய்ச்சலோடு வருகிற கேஸை எடுப்பதா வேண்டாமா என்பதை அந்த ஊர் மருத்துவமனைக்காரர்களிடம் விடுங்கள், அவர்களுக்குத் தெரியும். உங்களுக்கே காய்ச்சல் வந்தால், திரும்பி வந்த பிறகானாலும் சரி, எங்கே போயிருந்தீர்கள் என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

படம் எடுப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வீக்கத்தோடு நிற்கிற மனிதரின் படத்தை நிதி திரட்டப் போடுகிறேன் என்று யாராவது சொன்னால், உங்கள் கேஸ் என்றால் மறுத்துவிடுங்கள். ஆபரேஷன் இலவசம் என்ற நன்றியில் இருப்பவரிடம் வாங்குகிற சம்மதம் சம்மதமாகாது.

இப்போது ஒரு கடிதம் எழுதுங்கள். குழுத் தலைவருக்கு வேண்டாம், அந்த மருத்துவமனையில் ஆபரேஷன் செய்கிறவருக்கு. குழு முகவரியைத் தரத் தயங்கினாலோ, இந்தக் கேள்விகளுக்கெல்லாம் எரிச்சல் பட்டாலோ, அந்தக் குழுவோடு போகாதீர்கள். வேறு குழு கிடைக்கும். கடிதத்தில் உங்களைப் பற்றி உள்ளது உள்ளபடி எழுதுங்கள்: என்னென்ன தனியாகச் செய்வீர்கள், எதற்குத் துணை வேண்டும் என்று. "ஜனவரியில் நான் வருவது உங்களுக்கு உதவியா, தொந்தரவா?" என்று நேராகக் கேளுங்கள். "நீங்கள் கத்தி பிடிக்க, நான் எதிர்ப்பக்கம் அசிஸ்ட் செய்யத் தயார்" என்று எழுதுங்கள். எந்த நோயாளியை எடுப்பது, எவரை விடுவது என்பதை அவர் முடிவு செய்யட்டும். கடைசி மூன்று நாள் புதுக் கேஸ் எடுக்காமல், செய்தவர்களின் காயங்களைப் பார்ப்பதற்கு மட்டும் ஒதுக்கலாமா என்று கேளுங்கள். ஒவ்வொரு ஆபரேஷன் குறிப்பும் அவர்களுடைய ரெஜிஸ்டரில் ஒன்று, நோயாளி கையில் ஒன்று என்று இருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்தும் ஒரு வருடம் கழித்தும் அந்த நோயாளிகளைக் கூப்பிட்டுப் பார்ப்பதற்கான பஸ் காசையும் போன் செலவையும் குழு இப்போதே அந்த மருத்துவமனையில் கட்டிவைக்குமா என்றும் கேளுங்கள். அந்த முடிவுகள் நல்லதோ கெட்டதோ உங்களுக்கு வந்து சேர வேண்டும். முடிந்தால் அடுத்த வருடமும் அதே ஊருக்குப் போங்கள். புது நாடு தேட வேண்டாம்.

அவர் "வேண்டாம், இப்போது வராதீர்கள்" என்று எழுதினாலும் அது நல்ல பதில்தான். உங்கள் விமானச் சீட்டுக்கான பணத்தை அந்த மருத்துவமனையின் கையுறைக்கும் நூலுக்கும் அனுப்பிவிடலாம். அவர் வரச் சொன்னால், எந்தெந்த மாதிரிக் கேஸ் இருக்கிறது என்ற பட்டியலையும் அனுப்பச் சொல்லி எனக்கும் காட்டுங்கள். அதைப் பார்த்துவிட்டு, கிளம்புவதற்கு முன் இங்கே எதில் கை பழக வேண்டும், எந்த தியேட்டரில் என்று உட்கார்ந்து பேசலாம்.